முரட்டு வேலைக்கு எந்தக் கத்தி?

கேள்வி: கொடைக்கானல் கீழ்மலையில் எங்களுக்குச் சிறிய காபி, மிளகுத் தோட்டம் இருக்கிறது. சுள்ளி பிளக்கவும் கிளை கழிக்கவும் கயிறு அறுக்கவும் இடுப்பிலேயே தொங்கும்படி, மடங்காத அலகுள்ள கத்தி ஒன்று வாங்க எண்ணுகிறேன். டி2, 1095, 14சி28என் என்று மூன்று எஃகுகளில் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைக்கிறது. கடைக்காரர், டி2-வின் கடினம் ராக்வெல் அளவில் 60 என்பதால் அதுதான் உடையாது என்கிறார். நம்பலாமா?

பதில்: 60 என்ற எண்ணை நம்பலாம், அதனால் உடையாது என்பதை நம்ப வேண்டாம். கடினம் என்பது கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, நசுங்காமலும் மடியாமலும் நிற்கும் குணம். அடி வாங்கும்போது பெயராமலும் முறியாமலும் தாங்குவது வேறு குணம். அதை உரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே எஃகில் முதலாவதைக் கூட்டினால் இரண்டாவது பெரும்பாலும் குறையும். கண்ணாடி இரும்பைக் கீறும், ஆனால் கைதவறினால் சில்லு சில்லாகிவிடும் அல்லவா?

டி2 தகடு வெட்டும் அச்சுகளுக்காகப் பிறந்த எஃகு. அதில் ஏறத்தாழ 1.5 சதவீதம் கார்பனும் 12 சதவீதம் குரோமியமும் உள்ளன; இவை இரண்டும் சேர்ந்து பருமனான கார்பைடு பருக்கைகளாகத் திரண்டு நிற்கின்றன. கயிறும் அட்டையும் அறுக்கும்போது இந்தப் பருக்கைகளே வாயை நெடுநாள் காக்கின்றன. மரக்கணுவில் பக்கவாட்டாகத் திருகும்போது அதே இடத்தில்தான் வாய் பெயர்கிறது. என்னிடம் இருந்த டி2 கத்தி ஒன்றைக் காய்ந்த சில்வர் ஓக் கணுவில் இறக்கித் திருகியபோது, நொய்யரிசி அளவில் இரண்டு பிறைப் பள்ளங்கள் விழுந்தன. கல்லில் தேய்த்துச் சரிசெய்ய ஒரு மாலைப் பொழுது போனது. மென்மையான எஃகாக இருந்தால் அந்த இடத்தில் வாய் மடிந்திருக்கும், பத்து நிமிடத்தில் நிமிர்த்தியிருக்கலாம். மேலும், 12 சதவீதம் குரோமியம் இருப்பதாலேயே அது துருப்பிடிக்காத எஃகு ஆகிவிடாது. குரோமியத்தில் பெரும்பங்கு கார்பைடுக்குள் அடைபட்டுவிடுவதால், துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு.

1095 எளிமையான கார்பன் எஃகு. கார்பன் சுமார் 0.95 சதவீதம். சாணை பிடிக்கச் சுகமானது, ஆனால் உங்கள் மலையின் ஐப்பசி மழையில் தோல் உறைக்குள் ஓர் இரவு ஈரத்தோடு கிடந்தால் காலையில் செம்புள்ளி தெரியும். கார்பன் எஃகுதான் வேண்டும் என்றால் 5160 கிடைக்கிறதா என்று கேளுங்கள். 0.6 சதவீதம் கார்பனும் சிறிதளவு குரோமியமும் கொண்ட அந்த எஃகு வண்டிகளின் வில்பட்டைக்கு உரியது; நம் கொல்லர்கள் பழைய லாரிப் பட்டையைத் தேடிப் பிடித்து அரிவாள் அடிப்பதன் காரணமும் இந்த உரம்தான்.

உங்களுக்கு நான் சொல்வது 14சி28என். சுவீடனில் உருவான இந்த எஃகில் கார்பன் 0.62 சதவீதமும் குரோமியம் 14 சதவீதமும் சிறிது நைட்ரஜனும் உள்ளன. கார்பைடுகள் மிக நுண்ணியவை என்பதால் உரமும் உண்டு, துருவையும் தாங்கும். எந்த எஃகானாலும் துவைச்சல், அதாவது காய்ச்சிக் குளிர்வித்துப் பதமேற்றுவது, கெட்டால் பெயரால் பயனில்லை என்பது கொல்லுப் பட்டறையில் வளர்ந்த எவருக்கும் தெரியும்.

எஃகைவிட வடிவம் முக்கியம் என்பேன். முதுகின் பருமனை 3 மில்லிமீட்டரிலிருந்து 4.5 ஆக்கினால் வளைவை எதிர்க்கும் விறைப்பு ஏறத்தாழ மூன்றரை மடங்காகிறது. ஆனால் அந்தக் கத்தி தக்காளியை நறுக்காது, பிளக்கும். உங்கள் வேலைக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் போதும், அலகு 10 முதல் 12 சென்டிமீட்டர். பிடிக்குள் போகும் காம்பு பிடியின் முழு அகலத்துக்கும் ஓடுவது நல்லது. ஆனால் ஒடுங்கிய காம்பு என்றாலே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. 1942-இல் அமெரிக்க மரைன் படை ஏற்ற 7 அங்குல அலகுள்ள கத்தியின் காம்பு ஒடுங்கியதுதான். அலகும் காம்பும் சேரும் மூலை செங்கோணமாக வெட்டப்படாமல் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். முறிவு தொடங்குவது பெரும்பாலும் அந்த மூலையில்தான். முதுகில் ரம்பப் பல் வைத்த கத்தியைத் தொடவே வேண்டாம்: ஒவ்வொரு பல்லடியும் விரிசலுக்கு ஒரு தொடக்கம், சுள்ளி பிளக்க முதுகில் தட்டும் கட்டையையும் அது பிய்த்துவிடும். கட்டை விரலைவிடத் தடித்த கிளைக்கு அரிவாளையே எடுங்கள்.

கேள்வி: இணையத்தில் டி2 என்று வாங்கிய கத்தி இரண்டு நாளில் மழுங்கிவிடுகிறது. போலி என்று எப்படி நிறுவுவது?

பதில்: வீட்டில் நிறுவ முடியாது, அலகில் பொறித்த எழுத்து சான்றல்ல. கோவை போன்ற தொழில் நகரங்களின் உலோகச் சோதனைக் கூடங்களில், எஃகில் எது எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் நிறமாலைச் சோதனைக்குக் கொடுங்கள். கார்பன் 1.5-ஐ ஒட்டி வராமல் 0.4 அளவிலும், குரோமியம் 13 அளவிலும் வந்தால் உங்கள் கையில் இருப்பது மலிவான 420 வகை. அந்தச் சோதனையில் அலகில் சிறு தீப்பொறித் தழும்பு விழும் என்பதால், அதற்கு முன்பே படம் எடுத்துவையுங்கள். விற்பனைப் பக்கத்தின் படம், விலைப்பட்டியல், சோதனை அறிக்கை மூன்றோடும் முதலில் விற்பனையாளருக்கு எழுதுங்கள். பதில் இல்லையேல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அறிக்கையில் டி2 என்றே வந்தாலும் வியக்க வேண்டாம், துவைச்சல் சரியில்லை என்று பொருள். ராக்வெல் சோதனையையும் அதே கூடத்தில் கேளுங்கள்.

கேள்வி: இத்தகைய கத்திக்கு உரிமம் வேண்டுமா?

பதில்: 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், 9 அங்குலத்தைவிட நீண்ட அல்லது 2 அங்குலத்தைவிட அகன்ற அலகுள்ள கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என வடிவமைத்தவை அதில் வரா. மேலே சொன்ன 12 சென்டிமீட்டர் அலகு 5 அங்குலத்துக்கும் குறைவு. அதற்காகத் தோட்டத்துக்கு வெளியே, பேருந்திலும் சந்தையிலும் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிய வேண்டாம். உறையோடு பைக்குள் போட்டுக்கொண்டு போங்கள்.