துரோகமும் ரோல்பேக்கும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெரியவர்களுக்கான இண்டி விஷுவல் நாவல்கள் (சிறு குழுக்கள் செய்யும், படத்தோடு கதை படித்து நடுநடுவே பதிலைத் தேர்ந்தெடுக்கும் கணினி விளையாட்டுகள்) சிலவற்றை விளையாடிப் பார்த்தேன். எதை எடுத்தாலும் கல்யாணமான ஒருவர் துணையை ஏமாற்றுவதுதான் கதை. கேட்டால் ‘தார்மீகச் சிக்கல்’ என்கிறார்கள். எனக்கு அது கிளுகிளுப்புக்குப் போட்ட போர்வையாகத்தான் படுகிறது. நான்தான் ஒழுக்கவாதியாகப் பேசுகிறேனா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இல்லை. பெரும்பாலும் நீங்கள் சொல்வது சரிதான். துரோகத்தைக் கதையாக்குவதில் தப்பே கிடையாது. துரோகம் செய்பவருக்கு வசதி செய்து கொடுப்பதில்தான் கோளாறு. கணவனைக் குடிகாரனாக, கை ஓங்குபவனாகக் காட்டிவிட்டால் மனைவி எல்லை தாண்டும்போது நமக்கு உறுத்தாது. அப்புறம் அங்கே என்ன சிக்கல்?

இப்படி ஒரு காட்சி வைத்துப் பாருங்கள். இம்முறை துரோகம் செய்பவன் கணவன்; அவனாக விளையாடுகிறோம். இரவில் அவன் போன் ஒளிர்கிறது. துணி மடித்துக்கொண்டே மனைவி ‘யாரு?’ என்கிறாள். திரையில் இரண்டு பதில்கள்: ‘ஆபீஸ்’, ‘அப்புறம் சொல்றேன்’. முதலாவது பொய். இரண்டாவது, பொய்யைத் தள்ளிப்போடுவது. எதை அழுத்தினாலும் அவள் ‘சரி’ என்று சொல்லிவிட்டு, காலையில் அவன் போடவேண்டிய சட்டையைத் தனியே எடுத்து வைக்கிறாள். சந்தேகமே படவில்லை. படுக்கையறைக்கு வெகு முன்னாலேயே விளையாடுபவர் மாட்டிக்கொண்டார்.

ஆனால் கையில் இருக்கும் கருவியே இதற்கு எதிராக இழுக்கிறது. இவற்றில் பலவும் 2004 முதல் புழக்கத்தில் இருக்கும் ரென்பை என்ற இலவச எஞ்சினில், அதாவது விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில், செய்யப்படுபவை. அதில் மவுஸ் சக்கரத்தை உருட்டினால் கதை பின்னால் போகும்; இதைத்தான் ரோல்பேக் என்கிறார்கள். பொய் சொல்லி, அவள் சட்டை எடுத்து வைப்பதைப் பார்த்துவிட்டு, உருட்டி அழித்துவிடலாம். பின்னால் போய்ப் படிக்க மட்டும் விட்டு, தேர்ந்தெடுத்ததை மாற்றமுடியாமல் பூட்டவும் ரென்பையில் வழி உண்டு. பூட்டினால் ரசிகர்கள் திட்டுவார்கள். மாதச் சந்தா கட்டி அத்தியாயம் அத்தியாயமாக இந்த விளையாட்டுகளை வளர்ப்பவர்கள் அவர்கள்தானே! ‘துரோகத்தைத் தவிர்க்க முடியுமா?’ என்று முன்கூட்டியே கேட்டுவிடுவார்கள். (அதைக் குறை சொல்லமாட்டேன். சொந்த வாழ்க்கையில் அடிபட்டவர் பொழுதுபோக்கிலும் அதே இடத்தில் அடி வாங்கவேண்டுமா என்ன?) விளைவு, ஆளுக்கொரு பாதை போட்டு, எந்தப் பாதையிலும் யாருக்கும் பெரிதாக வலிக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

அடுத்து ஒன்றை எடுத்தால், ஏமாற்றப்பட்டவர் மட்டும் வரும் காட்சி ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பாதியில் மூடிவிடலாம்.