கோயிலுக்கு வராதவர் கையில் ஊர்ப்பணம்

கேள்வி:

வணக்கம் அம்மா. எனக்கு வயது 31. பாம்பன் பக்கம் கடலோர ஊர். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் தொழிலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதன்பிறகு நான் பூசைக்குப் போவதில்லை. கோபமெல்லாம் இல்லை, நம்பிக்கை விட்டுப்போய்விட்டது. கல்லறைத் திருநாளில் அம்மா கடற்கரையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார், அதற்கும் போவதில்லை.

இலங்கைச் சிறையில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கு உதவ, படகுக்கு இவ்வளவு என்று பிரித்துப் பொதுப்பணம் வைத்திருக்கிறோம். இந்த வருடம் என்னைப் பொருளாளராகப் போடலாம் என்று இளவட்டங்கள் சொன்னார்கள். பெரியப்பா முறை வரும் ஒருவர் கூட்டத்திலேயே எழுந்து, "கோயிலுக்கு வராதவன் கையில ஊர்ப்பணமா? சாமிக்கே பயப்படாதவன் யாருக்குப் பயப்படுவான்?" என்று கேட்டுவிட்டார். "நாலு ஞாயிறு சும்மா வந்து நில்லுப்பா, எல்லார் வாயும் அடங்கிரும்" என்கிறார் அம்மா. பெரியப்பா கேட்டதில் நியாயம் இருக்கிறதோ என்று ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன். நான் நடிக்கவா, விலகவா?

(பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள தம்பி,

நான் சாமி கும்பிடுகிறவள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் எனக்குச் சோறு இறங்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பிறகு நான் எழுதுவதைப் படித்துவிட்டு உங்கள் பெரியப்பா என்னை வேறு கட்சி என்று ஒதுக்க மாட்டார் பாருங்கள்.

இராமேஸ்வரம் கோயிலில் உண்டியல் எண்ணுவதைப் பார்த்திருக்கிறீர்களா? போட்டவர்கள் பக்தர்கள். உட்கார்ந்து எண்ணுகிறவர்களிலும் பாதிப்பேர் நெற்றி நிறைய விபூதியோடு வந்தவர்கள். இடமோ சாமியின் வீடு. அப்படியும் உண்டியலுக்குப் பூட்டு, பூட்டுக்கு முத்திரை, திறக்கும்போது அறநிலையத்துறை அதிகாரிகள். உங்கள் பங்குக் கோயிலிலும், கீழக்கரை ஜமாத்திலும் வரவு செலவு எழுதாமலா இருக்கிறார்கள்? யாரும் இதைச் சாமிக்கு அவமானம் என்று நினைப்பதில்லை. பயம் மட்டுமே போதும் என்றால் இத்தனை பூட்டு எதற்கு என்று பெரியப்பாவிடம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். இந்தக் கடற்கரையில் கள்ளக் கடத்தலில் சம்பாதித்துவிட்டுத் திருவிழாச் செலவை மொத்தமாக ஏற்றுக்கொண்டவர்களையும் அவருக்குத் தெரிந்திருக்கும். அவர்களும் பக்திமான்கள்தான்.

ஆனால் கூட்டத்தில் இந்தக் கடைசி வரியைப் பேசி வைக்காதீர்கள். சண்டை பெரிதாகும்.

பேச வேண்டியது வேறு. "பணம் பேங்க்கில் இருக்கட்டும். செக்கில் என்னோடு இன்னும் ஒருவர் கையெழுத்துப் போடட்டும், அது பெரியப்பாவாகவே இருக்கட்டும். மாதம் பிறந்தால் வரவு செலவை எழுதி ஏலக்கூடத்தில் ஒட்டுகிறேன்" என்று சொல்லுங்கள். அவர் சந்தேகப்பட்டதற்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் உங்களுக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி, ராத்திரி தூக்கம் கெடுக்கும் அந்தக் கேள்வி.

என் அப்பா கறுப்புச்சட்டைக்காரர், சாமி இல்லை என்பவர். மண்டபத்தில் சைக்கிள் கடை. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபோது எனக்கு ஏழு வயது. ரயிலோடு ஆட்கள் போய்விட்டார்கள் என்ற பேச்சும், பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டதும் நினைவிருக்கிறது. பாம்பன் பாலமும் உடைந்து கிடந்ததால் தப்பித்தவர்கள் படகில் வந்து மண்டபம் கரையில் இறங்கினார்கள். அப்பா கடையைப் பூட்டிவிட்டுத் தண்ணீர் சுமக்கப் போனார். அம்மா காளியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே கஞ்சிக்கு உலை வைத்தாள். ராத்திரி வீடு திரும்பியதும் ஆரம்பிக்கும். "ஒன் சாமி எங்கடி போச்சு?" என்பார் அப்பா. "கடையப் பூட்டிட்டுப் போன்னு ஒங்களக் கெளப்பி விட்டது யாரு?" என்பாள் அம்மா. பாலத்தை 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். இவர்கள் சண்டை முப்பது வருடம் ஓடியது. கரையில் இறங்கியவர்கள் ரெண்டு பேர் கையாலும் வாங்கித்தான் குடித்தார்கள்.

அப்பாவுக்கு எது தூண்டுதல் என்று வளர்ந்தபிறகு கேட்டேன். "பிள்ளைங்க நடுங்கிக்கிட்டு நின்னுச்சுங்க" என்றார். அதற்குமேல் விளக்கம் வரவில்லை. மேலுலகம் இல்லை என்றாலும் கொடுப்பதே நல்லது என்று வள்ளுவரும் சொல்லியிருக்கிறார், அதைப் பட்டிமன்றக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு அப்பாவின் அரைகுறை விளக்கமே போதும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். புயல், தீ விபத்து என்றால் அப்பா முன்னால் நிற்பார். மூன்று மாதம் கழித்து அதே ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று போய்ப் பார்க்க மாட்டார், மறந்துவிடுவார். அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை இருந்தது, ஆடி இருந்தது. அந்தந்த நாள் வந்தால் அரிசி அளந்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள், மனசு இருந்தாலும் இல்லாவிட்டாலும். நம்பிக்கை உள்ளவர்களுக்கு இது பெரிய வசதி தம்பி. கோயில் மணி அடிக்கும், நோன்பு வரும், தவக்காலம் வரும், யாராவது ஞாபகப்படுத்துவார்கள். உங்களுக்கு ஞாபகப்படுத்த ஆள் கிடையாது. அதனால் மாதத்தில் ஒருநாளை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நோட்டை எடுத்துக்கொண்டு அந்தக் குடும்பங்களின் வாசலுக்குப் போய்விட வேண்டும், அலுப்பாக இருந்தாலும்.

மணியை நம்பி மட்டும் இருந்தவர்கள் கதையும் இருக்கிறது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய காப்பகங்களில் ஒன்று எரிந்தது. சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகிப் போனார்கள். அந்தத் தீக்கு முன்னால் நான் எத்தனையோ முறை ஏர்வாடிக்குப் போயிருக்கிறேன். கைகூப்பியிருக்கிறேன், பிச்சை போட்டிருக்கிறேன். சங்கிலி கிடந்த கால்களையும் பார்த்திருக்கிறேன். தாண்டி வந்துவிட்டேன். கும்பிட்ட மனசுக்குக் குறைவில்லை. ஏன் கட்டியிருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிற்பாடு மருந்தும் துவாவும், அதாவது பிரார்த்தனையும், சேர்ந்து போகட்டும் என்று அரசு அங்கே மருத்துவரை உட்காரவைத்தது. இப்போது நினைத்தாலும் அந்த 28 பேருக்கு என்ன பதில் என்று எனக்குத் தெரியவில்லை.

"யாருக்குப் பயப்படுவான்?" என்றாரே பெரியப்பா, உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சின்னப்பாலம் இருக்கிறது. பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குவது என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள். வேரோடு பிடுங்கித் தீர்த்துவிட்டால் அடுத்த வருடம் பக்கத்து வீட்டுக்காரிக்கும் இல்லை, தனக்கும் இல்லை. அவர்கள் சாமி கும்பிடுகிறவர்கள்தான். ஆனால் அந்த 12 என்ற கணக்கு எந்தச் சாமியும் சொன்னதில்லை. ஒருத்தி முகத்துக்கு இன்னொருத்தி பயந்து வந்தது. அந்தப் பயம் உங்களுக்கும் இருக்கிறது. இல்லாவிட்டால் ராத்திரி உட்கார்ந்து எனக்குக் கடிதம் எழுதுவீர்களா?

ஆகவே பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்காக நாலு ஞாயிறு நடிக்க வேண்டாம். பொய்யாக நின்று வாங்கிய பதவியில் உட்கார்ந்து உண்மையான கணக்கு எழுதுவது சிரமம். அம்மாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அவர் மகனைக் காப்பாற்றப் பார்க்கிறார், வேறொன்றுமில்லை.

ஆனால் நவம்பர் 2, அந்தக் கல்லறைத் திருநாள், வேறு கணக்கு. அது பதவிக்காக இல்லை, யாரும் கணக்கெடுக்கவும் மாட்டார்கள். ஜெபம் சொல்ல வராவிட்டால் சும்மா நில்லுங்கள். ஐப்பசி வாடைக்கு அந்தக் கரையில் ஒரு குச்சி பற்றவைப்பதே பெரும்பாடு. அம்மா ஆறு வருடமாகத் தனியாக அதைச் செய்துகொண்டிருக்கிறார். ஒருவர் ஏற்ற வேண்டும், ஒருவர் காற்றுக்கு மறைத்துப் பிடிக்க வேண்டும்.