பிறகு யாரோ பாடினார்கள்

அன்புள்ள அக்கா,

சிகாகோவுக்குப் பக்கத்தில் நேப்பர்வில்லில் இருக்கிறேன். மென்பொருள் வேலை. கல்லூரி நாட்களிலிருந்து கிட்டார் வாசிக்கிறேன், நாலைந்து வருடமாக, கறுப்பின அமெரிக்கர்களின் இசையான ப்ளூஸ் மட்டும்தான். போன புதன்கிழமை இங்கே ஒரு பப்பில் நடக்கும் ப்ளூஸ் ஜாமுக்கு (பெயர் கொடுத்தால் யாரும் மேடையேறி வாசிக்கலாம்) முதல் தடவையாகப் போய்ப் பெயர் கொடுத்தேன். மூன்று பாட்டுக்கு மேடை கிடைத்தது. எனக்கு நீளமான சோலோக்கள், அதாவது தனி வாசிப்புகள், கொடுத்தார்கள், நல்ல கைதட்டல். பிறகு யாரோ பாடினார்கள். மறுநாள் காலையில் மீட்டிங் இருந்ததால் கிளம்பிவிட்டேன். வாசலில் நின்ற ஒரு கறுப்பினப் பெரியவர், “கிட்டார் உனக்கு நன்றாக வருகிறது. ப்ளூஸ்மேன் ஆவது வேறு விஷயம்” என்றார். அன்றிலிருந்து மனசு சரியில்லை. நான் பருத்திக் காட்டில் வேலை செய்தவனில்லை, பட்டினி கிடந்தவனில்லை, அமெரிக்கனும் இல்லை. எனக்கு அந்தத் தகுதி வரவே வராதா? விலை உயர்ந்த கிட்டார் வைத்திருக்கிறேன், அதை விற்றுவிட்டுப் பழைய கிட்டார் ஒன்று வாங்கலாமா என்றும் யோசனை. நீங்கள் சிகாகோவில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரம் முழுக்க நான் எட்டி டெய்லர் என்ற ப்ளூஸ் கிட்டார்க்காரரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்தத் துன்பக் கணக்கை ஒதுக்கி வையுங்கள். கஷ்டப்பட்டவனுக்குத்தான் ப்ளூஸ் வரும் என்பது தூரத்திலிருந்து பார்த்தவர்கள் கட்டிய கதை. மிசிசிப்பி டெல்டாவில் வாரம் முழுக்கப் பருத்தி பறித்தவர்கள் சனிக்கிழமை ராத்திரி ஜூக் ஜாயிண்டுக்கு, அதாவது குடியும் ஆட்டமும் நடக்கும் கொட்டகைக்கு, அழப் போகவில்லை, ஆடப் போனார்கள். அவர்களை ஆட வைப்பது கிட்டார்க்காரரின் தொழில். வாசிப்பு சரியில்லை என்றால் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவார்கள். பிற்பாடு ப்ளூஸில் பெரும் பேர் வாங்கிய ராபர்ட் ஜான்சனுக்கு அதுதான் நடந்தது. பெரியவர்கள் ஓய்வெடுக்கும்போது அந்தப் பையன் கிட்டாரை எடுத்துத் தட்டுவான், ஜனங்கள் எரிச்சலடைவார்கள் என்று அந்தப் பெரியவர்களில் ஒருவரான சன் ஹவுஸ் பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஜான்சன் ஊரைவிட்டுப் போனார். ஐக் சிம்மர்மன் என்பவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வேறு ஆளாகத் திரும்பி வந்தார். இதை விட்டுவிட்டு, நாற்சந்தியில் பேயிடம் ஆன்மாவை விற்றார் என்று உலகம் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒரு மனிதன் ராத்திரி பகலாகப் பழகிய உழைப்பைப் பேயின் கணக்கில் எழுதுவது எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிற விஷயம்.

அமெரிக்கன் இல்லை என்கிறீர்கள். சிகாகோவில் ரோசாஸ் லவுஞ்ச் என்ற ப்ளூஸ் கிளப் இருக்கிறதே, அதை 1984-இல் ஆரம்பித்தவர் இத்தாலியிலிருந்து வந்த டிரம்மர், அம்மாவின் பெயரை வைத்தார். மும்பையில் பிறந்து கலிபோர்னியாவில் மென்பொருள் வேலை பார்த்த ஆக்கி குமார் இன்று ஹார்மோனிகாவில் பேர் வாங்கியிருக்கிறார். 1960-களின் ஆரம்பத்தில் பால் பட்டர்ஃபீல்டு போன்ற வெள்ளைக்காரப் பையன்கள் கறுப்பின மக்கள் வாழும் தெற்குப் பக்கத்துக் கிளப்புகளுக்குப் போய் நின்றபோது சிகாகோ ப்ளூஸின் பெரிய பாடகர் மட்டி வாட்டர்ஸ் அவர்களை மேடைக்குக் கூப்பிட்டார். கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் அது யார் கட்டிய வீடு என்பதை உள்ளே போகிறவர் ஒரு நாளும் மறக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் அபிப்பிராயம் கிடையாது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு ஒரு வரி. “பிறகு யாரோ பாடினார்கள்.”

யார், தம்பி? ஆணா, பெண்ணா? என்ன பாடினார்கள்? நீங்கள் வாசித்த மூன்று பாட்டுக்கும் உங்கள் பின்னால் ஒருவர் பாஸ் வாசித்திருக்கிறார், ஒருவர் டிரம்ஸ் அடித்திருக்கிறார். வாரம் தவறாமல் வந்து, தெரியாத ஆட்களுக்கெல்லாம் முதுகு கொடுக்கிறவர்கள் அவர்கள். கடிதத்தில் அவர்களுக்கு அரை வரி இல்லை. உங்கள் சோலோ இருக்கிறது, உங்கள் கைதட்டல் இருக்கிறது, உங்கள் மனசு சரியில்லாதது இருக்கிறது. அடுத்தவர் மேடை ஏறும்போது நீங்கள் கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பெரியவர் பார்த்தது அதைத்தான் என்று அடித்துச் சொல்வேன்.

எட்டி டெய்லர் 1923-இல் மிசிசிப்பியில் பிறந்தவர். சின்ன வயசுச் சிநேகிதர் ஜிம்மி ரீடுக்குக் கிட்டார் சொல்லிக் கொடுத்தவர். பிற்பாடு சிகாகோவில் இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். 1950-களில் வீ-ஜே ரெக்கார்டு கம்பெனிக்கு ரீட் பதிவு செய்த பாட்டுகள் வரிசையாக ஹிட் ஆயின. அவற்றைப் போட்டுக் கேளுங்கள். ரீட் பாட்டுக்குப் பாடுவார், ஹார்மோனிகா ஊதுவார். அடியில், கிட்டாரின் கனத்த தந்திகளில், உள்ளங்கை ஓரத்தால் லேசாக அமுக்கிப் பிடித்த ஒரு ஷஃபிள், ஆட வைக்கும் அந்தத் தாளநடை, போய்க்கொண்டே இருக்கும். அவசரம் கிடையாது, அலங்காரம் கிடையாது. அதை எடுத்துவிட்டால் பாட்டு அப்படியே உட்கார்ந்துவிடும். அதுதான் டெய்லர்.

ரீடுக்குக் குடிப்பழக்கம், வலிப்பும் இருந்தது. பாட்டின் வரிகள் மறந்துபோகும். மனைவி மேரி ஸ்டுடியோவில் பக்கத்தில் நின்று காதில் வரியை எடுத்துக் கொடுப்பார். சில பதிவுகளில் அந்தக் குரல் நமக்கே கேட்கும். ஒரு பக்கம் வரி எடுத்துக் கொடுக்கும் மனைவி, இன்னொரு பக்கம் தாளத்தை விடாத சிநேகிதர். புகழ் ரீடுக்குப் போனது. இன்னொரு பெரிய பாடகரான ஜான் லீ ஹூக்கர் அதே கம்பெனிக்குப் பதிவு செய்த பாட்டுகள் பலவற்றிலும் பின்னால் உட்கார்ந்தவர் டெய்லர்தான். ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு பார், அதாவது தாள வட்டம், என்பது ப்ளூஸ் கணக்கு. ஹூக்கர் அதற்குக் கட்டுப்படாதவர், நினைத்த இடத்தில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாற்றுவார். அவருடைய மூச்சைக் கேட்டு வாசித்தால்தான் கூடவே போக முடியும். டெய்லர் போனார். 1955-இல் சொந்தக் குரலில் ‘பேட் பாய்’ பாடினார், அருமையான பாட்டு, ஆனாலும் ரீட் அளவுக்குப் பேர் வரவில்லை. 1985 கிறிஸ்துமஸ் அன்று இறந்தார். ப்ளூஸ்மேன் யார் என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் சொல்லும் பெயர் இவருடையது. ஜான்சன் அப்புறம்தான்.

நான் அங்கே இருந்த காலத்தில், கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி திங்கட்கிழமைகளில் தெற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிளப்புக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். அங்கே ரிதம் கிட்டார் வாசித்தவர் பகலில் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். யூனிஃபார்ம் சட்டையோடேயே வருவார். ஒரு நாள் இருபது வயதுகூட ஆகாத ஒரு பெண் பாட வந்தாள். முதல் நாலு பார் ஒரே கார்டில் நிற்க வேண்டும், ஐந்தாவதில்தான் மாறும். அவள் பதற்றத்தில் மூன்று முடிந்ததுமே இரண்டாவது வரியை எடுத்துவிட்டாள். டிரம்மர் நிமிர்ந்தார். பேருந்துக்காரர் கிட்டாரின் கழுத்தைக் கொஞ்சம் கீழே இறக்கிக் காட்டினார். அடுத்த அடியில் மொத்த பேண்டும் அவளோடு மாறிவிட்டது. அவள் கண்ணை மூடிப் பாடிக்கொண்டே போனாள், தவறியதே அவளுக்குத் தெரியாது. தோழி காதில் சொல்லியிராவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது. பாட்டு முடிந்து ஜனங்கள் கத்தியபோது அவர் தலையைக் குனிந்து சுருதி சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

போட்டியும் ப்ளூஸில் உண்டு என்று நீங்கள் சொல்லலாம். உண்டுதான். 1940-களின் கடைசியில் மட்டி வாட்டர்ஸ், லிட்டில் வால்ட்டர், ஜிம்மி ராஜர்ஸ் மூவரும் கிளப் கிளப்பாகப் போய் அங்கே வாசிக்கிறவர்களை ஓரங்கட்டிவிட்டு வருவார்களாம். ஆனால் அந்த மூவரில் ராஜர்ஸ் கிட்டாரில் வாசித்ததைக் கவனித்துக் கேளுங்கள். மட்டி பாடுகிற இடத்தில் ஒதுங்குவார், மட்டி மூச்சு விடுகிற இடத்தில் மட்டும் நுழைவார். அந்த ஒதுக்கம் இல்லாமல் மட்டியின் பேண்ட் கிடையாது. யூடியூபில் சோலோக்களை மட்டும் வெட்டி வெட்டிக் கற்றுக்கொள்வதால் வரும் கேடு, இந்தப் பாதி காதில் விழுவதே இல்லை. உங்களுக்கும் விழவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், கை நன்றாக இருக்கிற பிள்ளைகளிடம்தான் இப்படிப் பேசத் தோன்றுகிறது.

அடுத்த புதன்கிழமை போங்கள். ஜாம் நடத்துகிறவரிடம், யாராவது பாட வந்து கிட்டாருக்கு ஆள் இல்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லி வையுங்கள். சோலோ கொடுத்தால் ஒரே சுற்று, அப்புறம் பாடுகிறவரைப் பார்த்துக்கொண்டு ஷஃபிள் வாசியுங்கள். கடைசி ஆள் இறங்குகிறவரை இருங்கள். மறுநாள் மீட்டிங்கில் கொஞ்சம் தூக்கம் வரட்டும், பரவாயில்லை. அந்தப் பெரியவர் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து அவர் யார் யாரைக் கேட்டிருக்கிறார் என்று விசாரியுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள். யார் பாடினார்கள் என்று எழுதுங்கள்.

கிட்டாரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஹவுண்ட் டாக் டெய்லர் என்ற இன்னொரு சிகாகோ கிட்டார்க்காரர் மலிவான ஜப்பான் கிட்டாரை வைத்துக்கொண்டு சிகாகோவையே ஆட வைத்தார். உங்களுடையதை விற்க வேண்டாம், இன்னொன்றும் வாங்க வேண்டாம்.

அன்புடன்,
அக்கா