வலி வரும்போது நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை மட்டும் போதாதா?

போதாது. அப்பாவுக்கு ஆஞ்சைனா (இதயத் தமனி அடைப்பால் வரும் நெஞ்சு வலி), வலி எப்போதாவதுதான் வருகிறது, அதற்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை இருக்கும்போது தினமும் இத்தனை மாத்திரை எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருந்தாளுநர். மருந்து வாங்க வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த நாக்கடி மாத்திரை. நைட்ரோகிளிசரின் அல்லது ஐசோசார்பைடு டைநைட்ரேட், இரண்டும் நைட்ரேட் வகை மருந்துகள். 1879-லேயே வில்லியம் மர்ரெல் என்ற மருத்துவர் நைட்ரோகிளிசரினை ஆஞ்சைனாவுக்குக் கொடுத்து எழுதியிருக்கிறார், அவ்வளவு பழைய மருந்து. அடைப்பை அது கரைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அப்படியில்லை. சிரைகளைத் தளர்த்தி இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தத்தைக் குறைக்கிறது, இதயத்தின் சுமை இறங்குகிறது, இதயத் தமனிகளும் கொஞ்சம் விரிகின்றன, வலி விடுகிறது. அடைப்பு இருந்த இடத்திலேயேதான் இருக்கும்.

இதைப் போட்டுக்கொள்ளும் முறை ரொம்ப முக்கியம். உட்கார்ந்துகொண்டுதான் போட வேண்டும், நின்றபடி போட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயங்கி விழலாம். விழுங்கக் கூடாது, விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரலே சிதைத்துவிடும். வாய் வறண்டிருந்தால் ஒரு வாய் தண்ணீரில் நனைத்துவிட்டு வையுங்கள். தலை விண்விண் என்று வலிக்கலாம், அது மருந்து வேலை செய்வதால் வருவதுதான். 5 நிமிடத்தில் வலி குறையவில்லை, அல்லது கூடுகிறது என்றால் யோசிக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நைட்ரோகிளிசரின் மாத்திரையை அது வந்த கண்ணாடிக் குப்பியிலேயே வைத்திருங்கள், பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினால் வீரியம் போய்விடும்.

தினசரி மாத்திரைகள் இரண்டு வகை. ஒன்று வலி வராமல் தடுப்பவை. மெட்டோபுரோலால், பிசோபுரோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் இதயத் துடிப்பைக் குறைத்து, இதயம் கேட்கும் ஆக்சிஜனையும் குறைக்கின்றன. இவற்றை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது, துடிப்பு எகிறி வலி முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம், மாரடைப்பு வரை போகலாம். ஆஸ்துமா இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அம்லோடிபின் ரத்தக் குழாயைத் தளர்த்தும், சிலருக்குக் கணுக்கால் வீங்கும். இதெல்லாம் போதாதபோது ரனோலசின், ஐவாபிரடின், நிகோரண்டில் என்று சேர்ப்பார்கள்.

நீண்ட நேரம் வேலை செய்யும் நைட்ரேட் மாத்திரையில் ஒரு சிக்கல் உண்டு. சிலருக்குக் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, இடைவெளி சமமாக இருக்கட்டுமே என்று காலை 8, இரவு 8 என மாற்றிக்கொள்கிறவர்கள் நிறைய. உடம்பில் நைட்ரேட் எந்நேரமும் இருந்தால் அது பழகிப்போய் மருந்து கேட்காமல் போய்விடும், அதற்காகத்தான் இரவில் பல மணி நேரம் வேண்டுமென்றே காலியாக விடுகிறார்கள். எழுதிக் கொடுத்த நேரத்திலேயே போடுங்கள்.

இரண்டாவது வகைதான் பலரும் முதலில் கைவிடுவது: ஆஸ்பிரின், ஸ்டாட்டின். இவற்றைப் போட்டதும் வலி குறையாது, நிறுத்தினாலும் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது ஆஸ்பிரின், கொலஸ்ட்ராலைக் குறைத்து அடைப்பு வளர்வதையும் வெடிப்பதையும் தடுப்பது ஸ்டாட்டின். மாரடைப்பிலிருந்து காப்பதில் பெரும்பங்கு இவற்றுக்குத்தான், வலி மாத்திரைக்கு அல்ல. வலி இல்லையே என்று இவற்றை நிறுத்தி வைக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கும்.

இன்னொன்று, கூச்சத்தால் யாரும் கேட்காதது. ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில், டடாலாஃபில் மாத்திரைகளை நைட்ரேட்டோடு சேர்த்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவு விழும். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரம், டடாலாஃபில் என்றால் 48 மணி நேரம் வரை நைட்ரேட் கூடாது. அந்த நேரத்துக்குள் நெஞ்சு வலித்தால் நாக்கடி மாத்திரையை வைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போய், என்ன மாத்திரை போட்டோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அப்புறம், நடந்தால் மட்டும் வந்த வலி சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வர ஆரம்பித்தால், அல்லது தூக்கத்திலிருந்து எழுப்பினால், அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.