ஸ்பீக்கிங்ல சைக்கிள் பத்தி கேட்டா என்ன சொல்றது: அறந்தாங்கி தம்பிக்கு

தம்பி, நீங்க கேட்டது இதுதானே: ஐஈஎல்டிஎஸ் இங்கிலீஷ் தேர்வோட ஸ்பீக்கிங்ல 6.5 வந்து நின்னுருச்சு, கனடால நிரந்தரமா தங்குற பிஆருக்கு 7 வேணும், சின்ன வயசுல சைக்கிள் வச்சிருந்தியான்னு கேட்டதுக்கு "எஸ், ஐ ஹேட் எ பைசைக்கிள், இட் இஸ் குட் ஃபார் ஹெல்த் அண்ட் என்விரான்மென்ட்"னு சொல்லிட்டு மேல ஒண்ணும் வரல, வீட்ல சொந்த சைக்கிளே கிடையாது பிளஸ் ஒன்ல கவர்மென்ட் குடுத்ததுதான், அதுல பெருசா சொல்ல என்னக்கா இருக்கு, நல்ல வொகாபுலரி லிஸ்ட் இருந்தா அனுப்புங்கன்னு.

லிஸ்ட் வேணாம் தம்பி. நான் கனடால இருக்குற பிராம்ப்டன் வந்து பல வருஷம் ஆச்சு, எங்க வீட்டு பேஸ்மென்ட்ல வாடகைக்கு இருந்த புள்ளைங்க பல பேர உக்கார வச்சு ஸ்பீக்கிங் பேச வச்சிருக்கேன், அதுல பாதி பேர் உங்கள மாதிரியேதான், சொல்றதுக்கு சொந்தமா அவ்ளோ விஷயம் இருக்கும், ஆனா அதெல்லாம் எக்ஸாம்ல சொல்ற விஷயமான்னு ஒதுக்கி வச்சுட்டு புக்ல இருக்குறத சொல்வாங்க. "உடம்புக்கு நல்லது, சுற்றுச்சூழலுக்கு நல்லது"ன்னு சொன்னதுக்கு அப்புறம் யாரா இருந்தாலும் என்ன பேச முடியும்? அங்கயே முடிஞ்சு போச்சு. உங்களுக்கு இங்கிலீஷ் வராம நின்னு போகல, நீங்க எடுத்துக்கிட்ட விஷயத்துல மேல சொல்ல ஒண்ணுமில்ல, அதான் நின்னுச்சு.

அந்த கவர்மென்ட் சைக்கிள் கதைதான் உங்களுக்கு 7 வாங்கித் தரும், நான் மனசார சொல்றேன். யோசிச்சு பாருங்க, அது வர்றதுக்கு முன்னாடி ஸ்கூலுக்கு எப்படி போனீங்க, பஸ்ஸா நடையா? ஸ்கூல்ல வரிசையா நிறுத்தி குடுத்தாங்களே அன்னைக்கு யாரோட ஓட்டிக்கிட்டு வந்தீங்க? கடைல குடுத்து நட்டு போல்ட்டு டைட் பண்ணீங்களா? கேரியர்ல யாரு உக்காந்து வந்தா? பிளஸ் ஒன்லதான் சொந்த சைக்கிள்னா ஓட்ட பழகினது யாரோடதுல, மாமா சைக்கிளா, மணிக்கணக்குல எடுக்குற வாடகை சைக்கிளா? கால் எட்டாம குரங்கு பெடல் போட்டிருப்பீங்க இல்ல? இதெல்லாம் டொராண்டோல உக்காந்திருக்குற எக்ஸாமினர் கேட்டிருக்கவே மாட்டாங்க, காது குடுத்து கேப்பாங்க.

சும்மா ஒரு மாதிரி சொல்றேன்: "நாட் ஆஸ் எ ஸ்மால் சைல்ட், நோ. ஐ லேர்ன்ட் ஆன் மை அங்கிள்ஸ் பைக், விச் வாஸ் ஃபார் டூ டால் ஃபார் மீ, ஸோ ஐ ஹேட் டு புட் ஒன் லெக் அண்டர் தி பார். ஐ காட் மை ஓன் வென் ஐ வாஸ் சிக்ஸ்டீன், பிகாஸ் இன் மை ஸ்டேட் தி கவர்ன்மென்ட் கிவ்ஸ் ஒன் டு ஸ்கூல் ஸ்டூடன்ட்ஸ்." இதுல கஷ்டமான வார்த்தை ஒண்ணு கூட இல்ல, ஆனா பாஸ்ட் டென்ஸ், விச், ஹேட் டு, பிகாஸ் எல்லாம் தானா வந்து உக்காந்துருச்சு, கிராமர் ரேஞ்சுன்னு பாக்குறது இதைத்தான். இந்த மாதிரி சின்ன சின்ன சொந்தக் கேள்வி வர்ற பார்ட் 1க்கு மூணு வாக்கியம் போதும். இதையும் மனப்பாடம் பண்ணாதீங்க, ஒப்பிக்கிறது அவங்களுக்கு உடனே தெரிஞ்சுரும், அடுத்த கேள்வி கொஞ்சம் மாத்தி கேட்டா நீங்களும் மாட்டிக்குவீங்க.

மார்க் போடுறது நாலு விஷயத்துக்கு, சரளம், வார்த்தை, கிராமர், உச்சரிப்பு, நாலுக்கும் சமமான வெயிட். நம்ம ஊர் ஆக்சென்ட் இருக்கேன்னு கவலைப்படாதீங்க, புரியுற மாதிரி இருந்தா ஆக்சென்ட்டுக்கு மார்க் குறைக்க மாட்டாங்க. ஆனா சின்ன வயசு கேள்வின்னா நம்ம ஆளுங்க கிராமர்ல வழுக்குற இடம் சிலது இருக்கு, அத கவனிங்க. "மை ஃபாதர் வில் டேக் மீ"ன்னு பழைய கதைக்கு வில் போடுறது, அங்க யூஸ்ட் டு இல்லன்னா வுட் வரணும். "ஐ வாஸ் ஹேவிங் எ சைக்கிள்" வேணாம், ஐ ஹேட் போதும். "தட் டைம் ஒன்லி ஐ லேர்ன்ட்"னு ஒன்லி சேக்குறது. அப்புறம் கதை சூடு பிடிச்சதும் பாதில பிரசன்ட் டென்ஸுக்கு தாவுறது, "ஐ ஃபால் டவுன், மை அங்கிள் கம்"னு, இதுதான் எல்லாத்தையும் விட அதிகமா வர்றது. ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி இதுக்கு மட்டும் ஒரு தடவை தனியா கேளுங்க.

பார்ட் 2ல கார்டு குடுத்து ஒரு நிமிஷம் யோசிக்க விடுவாங்க, அப்புறம் ரெண்டு நிமிஷம் வரைக்கும் பேசணும். சின்ன வயசுல சந்தோஷப்பட்ட பொருள், நீங்க பழகின ஒரு திறமை, இப்படி எது வந்தாலும் இதே சைக்கிள கொண்டு வரலாம். அந்த ஒரு நிமிஷத்துல முழு வாக்கியம் எழுதாதீங்க, மாமா, கம்பி, விழுந்த இடம், பங்சர் கடைன்னு நாலு வார்த்தை குறிச்சுக்கோங்க, அதுவே இழுத்துட்டு போகும்.

பார்ட் 3லதான் சைக்கிளால சமுதாயத்துக்கு என்ன பிரயோஜனம்னு பெரிய கேள்வியா வரும், அங்க உங்க புதுக்கோட்டை மாவட்டத்த விட நல்ல உதாரணம் யாருக்கும் கிடைக்காது தம்பி. 1990கள் ஆரம்பத்துல அறிவொளி இயக்கம் நடந்தப்போ, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்த நேரம், எழுத்து கத்துக்க வந்த பொம்பளைங்க ஆயிரக்கணக்குல சைக்கிளும் கத்துக்கிட்டாங்க, கூலி வேலைக்கு போறவங்க, கல்லு உடைக்கிறவங்க எல்லாரும். பஸ்ஸுக்கோ வீட்டு ஆம்பளைங்களுக்கோ காத்துக்கிட்டு நிக்காம தண்ணி எடுக்க, சந்தைக்கு போகன்னு அவங்களே கிளம்பினாங்க. உங்க அம்மாவுக்கு ஃபோன் போட்டு அந்த காலத்த பத்தி கேளுங்க, அவங்க சொல்றத அப்படியே இங்கிலீஷ்ல சொன்னா போதும், அதுக்கு மேல ஒரு பதில் வேண்டியதில்ல.

இப்போ ஓட்டுறியான்னும் கேப்பாங்க. இல்லன்னா இல்லன்னே சொல்லுங்க, ஏன்னு சேத்துக்கோங்க: குளிர் காலத்துல பனி, வேலை தூரம். ஓட்டுறீங்கன்னா இங்க ஒன்டாரியோல சைக்கிளுக்கு மணி இருந்தே ஆகணும், 18 வயசுக்கு கீழ ஹெல்மெட் கட்டாயம், நம்ம ஊர்ல அப்படி யாரும் பாக்க மாட்டாங்கன்னு ஒப்பிட்டு சொல்லலாம், அன்னைக்கும் இன்னைக்கும் ஒப்பிடுறப்போ ரெண்டு டென்ஸும் வந்துரும்.

இன்னொரு விஷயம், பிஆருக்கு கனடா பாக்குற மொழி அளவுகோல் சிஎல்பி, அதுல ஸ்பீக்கிங் 6.5னா சிஎல்பி 8, 7னா சிஎல்பி 9. ஆனா சிஎல்பி 9க்கான முழு பாயின்ட் கிடைக்க லிசனிங் 8, ரீடிங் 7, ரைட்டிங் 7 எல்லாமும் சேந்து வரணும், அதனால ஸ்பீக்கிங்க மட்டும் பாத்துக்கிட்டு லிசனிங்க விட்டுறாதீங்க. ஸ்கோர் ரெண்டு வருஷம்தான் செல்லும், அதையும் கணக்குல வச்சு டேட் போடுங்க. சைக்கிள் கதைய ரெண்டு நிமிஷம் பேசி ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க தம்பி, தப்பு இருந்தா இருக்கட்டும், நான் கேட்டுட்டு எந்த இடத்துல டென்ஸ் மாறுதுன்னு குறிச்சு அனுப்புறேன்.