விதைப்பவன் தலைக்குப் பின்னால் ஏன் அத்தனை பெரிய சூரியன்?

கேள்வி: ஓவியக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வான்கோவின் ‘விதைப்பவன்’ நிலக்காட்சியில் நிறங்களுக்குள்ள ஆன்மிகப் பொருள் பற்றி ஐந்து பக்கம் எழுத வேண்டும். இணையத்தில் தேடினால் மஞ்சள் தெய்வீகம், ஊதா துக்கம், நீலம் அமைதி என்று பட்டியல்தான் வருகிறது. அதை வைத்து எழுதலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பட்டியல் முதல் சோதனையிலேயே தோற்றுவிடும். 1889இல் பிரான்சின் சான்-ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது வான்கோ கதிர் அறுப்பவன் ஒருவனை வரைந்தார். படம் முழுக்க மஞ்சள். அந்த ஆளை மரணத்தின் உருவமாகவும், கதிர்களை மனிதர்களாகவும் பார்த்ததாகத் தம்பி தியோவுக்கு எழுதினார். ஆனால் அந்த மரணத்தில் சோகம் இல்லையாம். பட்டப்பகலில், பொன்வெயிலில் நடக்கிறதாம். மஞ்சளுக்கு ஒற்றைப் பொருள் கொடுத்தால் இந்தப் படத்தை எங்கே வைப்பீர்கள்? நம் வீட்டு மஞ்சளின் மங்களத்தையும் இதற்குள் கொண்டுவந்துவிடாதீர்கள். அது வேறு கதை.

சரி, எங்கிருந்து தொடங்குவது? எந்த ‘விதைப்பவன்’ என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். 1888 ஜூனில் பிரான்சின் ஆர்ல் நகரில் வரைந்தது ஒன்று. அது இப்போது நெதர்லாந்தின் ஓட்டர்லோவில், க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில், ஓவியர் பால் கொகேன் அவருடன் தங்கியிருந்தபோது, வேறொரு அமைப்பில் மறுபடி வரைந்தார். அதில் பெரியதும் சிறியதுமாக இரண்டு உண்டு. சிறியது ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியகத்தில். மாணவர் கட்டுரைகளில் பாதிக் குழப்பம் இவற்றை ஒன்றாகப் போட்டுக் கலக்குவதால்தான் வருகிறது.

ஜூன் படத்தில் உழுத மண்கட்டிகள் ஊதா, வானமும் சூரியனும் குரோம் மஞ்சள். அடிவானத்தில் விளைந்த கோதுமை நிற்கிறது, முன்னால் ஒருவன் விதைக்கிறான். அறுவடைக்கு நிற்கும் வயலும் விதைப்பும் ஒரே பார்வையில்! ஆக, இது கண்ணால் கண்டதன் பதிவு மட்டுமில்லை. நிறம் நிஜத்தில் எப்படி இருந்தது என்பதைப் பற்றித் தனக்குக் கவலை இல்லை என்று நண்பர் எமீல் பெர்னாருக்கு எழுதிய கடிதத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார். விதைப்பவனும் கதிர்க்கட்டும் எல்லையற்ற ஒன்றின் குறியீடுகள், அதன் மீதான ஏக்கம் இன்னும் தன்னை விடவில்லை என்று சொல்வதும் அதே கடிதத்தில்தான். உங்கள் தலைப்புக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

அந்த ஏக்கம் ஏன் நிறத்தின் வழியாக வந்தது என்பதுதான் கட்டுரையின் மையமாக இருக்க வேண்டும். பிரெஞ்சு ஓவியர் மில்லே வரைந்த விதைப்பவன் வான்கோவின் மனத்தில் பல ஆண்டுகளாக இருந்தான், ஆனால் அவனிடம் நிறம் இல்லை, சாம்பல்தான் என்பது வான்கோவின் குறை. இன்னொரு பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவாவின் ‘படகில் கிறிஸ்து’ படத்திலோ நீலமும் பச்சையும் சூழ, கிறிஸ்துவின் தலையைச் சுற்றிய ஒளிவட்டத்துக்கு மட்டும் கொஞ்சம் எலுமிச்சை மஞ்சள். அங்கே நிறமே குறியீடாகப் பேசுகிறது என்றார். மில்லேயின் உழவனைத் தெலக்ருவாவின் நிறத்தில் வரைய முடியுமா? இதுதான் அவர் தனக்கு வைத்துக்கொண்ட கேள்வி. மஞ்சளும் ஊதாவும் எதிர்நிறங்கள். பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று தூண்டிவிடும். அவர் நம்பியது தனி மஞ்சளை இல்லை, இந்த அதிர்வை. முன்பு ஒளிவட்டம் குறியீடாகக் காட்டிய நித்தியத்தை நாம் நிறங்களின் அதிர்வால் காட்டப் பார்க்கிறோம் என்று அந்தச் செப்டம்பரில் தியோவுக்கு எழுதினார்.

நவம்பர் படத்தில் அது கண்ணெதிரே நடக்கிறது. மஞ்சள் கலந்த பச்சை வானம், ரோஜா நிற மேகங்கள், ஊதா வயல், கரும் நீலத்தில் ஆளும் மரமும். எலுமிச்சை மஞ்சளில் ஒரு பெரிய சூரிய வட்டம், விதைப்பவனின் தலைக்குப் பின்னால், ஒளிவட்டம் போலவே. வான்கோ பாதிரியாரின் மகன், பெல்ஜியத்தின் போரினாஜ் சுரங்கப் பகுதியில் தானே பிரசங்கம் செய்தவர். விவிலியத்தில் மத்தேயு 13ஆம் அதிகாரத்தின் விதைப்பவன் உவமை அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்னொன்று: அதே 1888இல் கெத்செமனே தோட்டத்தில் கிறிஸ்துவை வரைய இருமுறை முயன்று, இருமுறையும் சுரண்டி எறிந்தார். கிறிஸ்துவாக வரைய முடியாதது வயலில் உழவனாக வந்தது என்று நான் வாசிக்கிறேன். இது என் ஊகம். நீங்கள் எடுத்துக்கொண்டால் ஊகம் என்றே எழுதுங்கள்.

ஓர் எச்சரிக்கை. எல்லாவற்றிலும் குறியீடு தேடாதீர்கள். பெர்னாருக்கு எழுதிய கடிதத்தில் விதைப்பவனின் கால்சட்டை வெள்ளை. தூய்மையின் சின்னம் என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் அவர் சொல்லும் காரணம் வேறு: மஞ்சளும் ஊதாவும் மோதிக் கண்ணை உறுத்தும்போது கொஞ்சம் ஓய்வு கொடுக்கத்தான் அந்த வெள்ளை. பின்னால் படத்தைத் திருத்தியும் இருக்கிறார். அதனால் கடிதத்தில் இருப்பது அப்படியே படத்தில் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

நிறச் சாந்தும் ஏமாற்றும். குரோம் மஞ்சள் வெளிச்சம் பட்டுப் பழுப்பேறக்கூடியது. அவர் பயன்படுத்திய சில சிவப்புகள் வெளுத்துவிட்டன. ஆர்ல் படுக்கையறைப் படத்தில் ஊதாவாக இருந்த சுவர்கள் இன்று நீலமாகத் தெரிவது அதனால்தான். கைப்பேசித் திரையில் தெரியும் சாயலை வைத்து ஒரு பத்தி வாதம் கட்டாதீர்கள். அருங்காட்சியகத் தளத்தின் படத்தையே பாருங்கள். கடிதங்கள் முழுவதும் ஆங்கில மொழிபெயர்ப்போடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1888 ஜூன் முதல் நவம்பர் வரை வாசித்தால் போதும்.

எழுத உட்காருவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நவம்பர் படத்தைக் கைப்பேசியில் கறுப்பு-வெள்ளையாக மாற்றி, அசல் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆள் இருப்பான், மரம் இருக்கும், சூரியனும் ஒரு வெளிறிய வட்டமாக இருக்கும். எது போய்விட்டது என்று பத்து வரி எழுதுங்கள். கட்டுரையை அந்தப் பத்து வரியிலிருந்தே தொடங்கலாம்.