வாசகர் கேள்வி – பதில்: இறக்கையை மூடும் முன் கோப்பைத் திறவுங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். ஓசூர் சிப்காட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வெளிநாட்டிலிருந்து வரைபடம் வாங்கி, தேன்கனிக்கோட்டைச் சாலையில் உள்ள எங்கள் கொட்டகையில் இருவர் அமரும் அலுமினிய விமானம் ஒன்றைக் கட்டி வருகிறேன். வால் பகுதி முடிந்துவிட்டது. வலது இறக்கையின் சட்டம் நிற்கிறது. மேல்தகடு மூடுவதுதான் பாக்கி. அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு எழுதிய கடிதம், “விவரம் போதாது” என்ற ஒற்றை வரிக் குறிப்போடு இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. முழுவதும் கட்டி முடித்து, விமானத்தையே நேரில் காட்டி அனுமதி கேட்டுக்கொள்ளலாம் என்கிறான் என் மகன். அப்படிச் செய்யலாமா?
– ஓசூர் வாசகர்

பதில்: செய்ய வேண்டாம். முதலில், அந்த மேல்தகட்டை இப்போதைக்கு மூடாதீர்கள். விமானத்தைப் பார்வையிட வருகிறவர் இறக்கையின் வெளிப்பளபளப்பைப் பார்க்க வருவதில்லை. உள்ளே முதன்மை உத்திரமான ஸ்பாரில் ரிவெட்டுகள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன, துளைகள் தகட்டின் விளிம்பிலிருந்து போதிய தூரத்தில் இருக்கின்றனவா, கட்டுப்பாட்டுக் கம்பிகள் எங்கேனும் உரசுகின்றனவா என்பதைத்தான் அவர் பார்க்க வேண்டும். மூடிய பிறகு அதைக் காட்ட ஒரே வழி, அடித்த ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுத்துத் தகட்டைப் பிரிப்பதுதான். அந்த வேலையில் நல்ல துளைகளும் பெரிதாகிப் போகும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டூல் ரூம் பழக்கம் உங்களுக்கு இங்கே பெரிய துணை. ஜாப் கார்டு இல்லாத உருப்படியைத் தர ஆய்வு மேசையில் வாங்க மாட்டார்கள் அல்லவா? விமானமும் அப்படித்தான். ஒவ்வொரு பாகத்துக்கும் வரைபட எண், வேலை செய்த தேதி, பயன்படுத்திய தகட்டின் ரகம், தகட்டோடு வந்த சோதனைச் சான்றில் உள்ள வார்ப்பு எண், வாங்கிய பில் ஆகியவற்றை ஒரே பதிவேட்டில் எழுதுங்கள். புகைப்படம் எடுக்கும்போது பக்கத்தில் ஓர் எஃகு அளவுகோலை வையுங்கள். உங்கள் வரைபடம் ‘ஏடி’ வகை ரிவெட் கேட்டிருந்தால், அதன் தலையில் ஒரு சிறு குழி இருக்கும். அந்தக் குழி படத்தில் தெரியும்படி வெளிச்சத்தைச் சாய்த்து எடுங்கள். அடித்த பிறகு மறுபக்கம் உருவாகும் தலை, ரிவெட்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. நூறு ரிவெட்டுகளில் நான்கைந்து தவறியிருந்தால், தவறியதையும் மாற்றியதையும் அப்படியே எழுதி வையுங்கள். ஒரு பிழைகூட இல்லாத பதிவேட்டைப் பார்த்தால் அனுபவமுள்ள எந்த ஆய்வாளருக்கும் சந்தேகம்தான் வரும். நான் பராமரிப்புப் பொறியாளராக இருந்த காலத்தில், சான்று தொலைந்துபோன ஒரே ஒரு போல்ட்டுக்காக ஒரு சுக்கான் கீல் முழுவதையும் கழற்றி மாட்டியிருக்கிறோம். போல்ட் நன்றாகத்தான் இருந்தது. அதை நிரூபிக்கும் தாள் எங்களிடம் இல்லை.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதன் நகலைப் படித்தேன். பதிவு, பறக்கும் அனுமதி, வானொலிக் கருவி, எஞ்சின் இறக்குமதி ஆகிய நான்கையும் ஒரே பத்தியில் கேட்டிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் லாரி வைத்திருக்கும் எவரும் ஆர்.சி. வேறு, எஃப்.சி. வேறு என்று சொல்வார்கள். விமானத்திலும் அதே கதைதான். ‘விடி’ என்று தொடங்கும் பதிவெண் தரும் சான்று, இந்த விமானம் இந்தியாவில் இன்னாருடையது என்று மட்டும் சொல்கிறது. அது பறக்கத் தகுந்ததா என்பதை வான்தகுதிச் சான்றோ, அதற்குப் பதிலாக நிபந்தனைகளோடு தரப்படும் பறக்கும் அனுமதியோதான் சொல்லும். இரண்டும் டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏவின் பொறுப்பு என்றாலும், கேட்கும் ஆவணங்கள் வேறு. வானொலிக் கருவிக்கான உரிமமோ தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் தொடர்புப் பிரிவிடமிருந்து வர வேண்டும். எஞ்சின் வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்கத்தில் தாக்கல் செய்யும் ‘பில் ஆஃப் என்ட்ரி’ மூலப்படியைக் கண்ணாகப் பாதுகாத்து வையுங்கள்; பின்னால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஆர்.சி. கையில் வந்ததும் பறந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் உதாரணம். மும்பையில் விமானி அமோல் யாதவ் மொட்டை மாடியில் கட்டிய ஆறு இருக்கை விமானம் 2016இல் ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் நாடே பார்க்க நின்றது. பதிவுச் சான்று 2017 நவம்பரில் கிடைத்தது. பறக்கும் அனுமதி 2019இல்தான் வந்தது. அவ்வளவு வெளிச்சம் பட்ட விமானத்துக்கே இரண்டு சான்றுகளுக்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின.

எனவே நான்கு கேள்விகளில் முதலில் கேட்க வேண்டியது நீங்கள் கேட்காத ஐந்தாவது: இந்த விமானம் எந்த வகையில் சேரும்? இருவர் அமரும் விமானத்தின் மொத்த எடை 450 கிலோவுக்குள் இருந்தால், மைக்ரோலைட் எனப்படும் மிக இலகு விமான வகைக்கான தேவைகள் என்று ஒரு தனி ஆவணம் உண்டு. மேலே போனால் பாதை வேறு. உங்கள் வரைபடத்தில் மொத்த எடை என்ன என்று கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. அது இல்லாமல் எந்த மேசைக்கு அனுப்புவது என்று தபாலைப் பிரிப்பவருக்கே தெரியாது. “விவரம் போதாது” என்று எழுதியவர் எந்த விவரம் என்பதையும் எழுதியிருக்கலாம். அந்த மட்டில் உங்கள் கோபம் நியாயமானதே.

வரைபடத்தோடு வந்த கையேட்டிலிருந்து சில வரிகளை அப்படியே எடுத்து எழுதியிருப்பதும் தெரிகிறது. ‘எக்ஸ்பெரிமென்டல்’ வகை, 51 சதவீத விதி, முதல் 25 அல்லது 40 மணி நேரச் சோதனைப் பறப்பு ஆகியவை அமெரிக்க நடைமுறைகள். பாதிக்கு மேற்பட்ட வேலையைத் தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தானே செய்தவருக்கு அங்கே அந்த வழி இருக்கிறது. நம் ஊரில் அந்தச் சொற்களைக் கொண்டு விண்ணப்பித்தால் எந்தப் படிவத்திலும் அவை பொருந்தா. அதேபோல், பழைய மாதிரிக் கடிதங்களைப் பார்த்து 1934ஆம் ஆண்டு விமானச் சட்டத்தை மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். அதன் இடத்தில் பாரதிய வாயுயான் அதினியம், 2024 என்ற புதிய சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

மூன்றாம் கடிதத்தை இப்படி எழுதுங்கள். ஒரு பக்கம், ஒரே கேள்வி. விமானத்தின் பெயர், இருக்கை எண்ணிக்கை, வெற்று எடை, மொத்த எடை, எஞ்சின் வகை, எந்தக் கட்டம்வரை வேலை முடிந்திருக்கிறது என்ற விவரங்களைச் சிறு அட்டவணையாகத் தாருங்கள். “இறக்கையை மூடும் முன் பார்வையிட வேண்டுமென்றால் யாரிடம், எந்தப் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும்?” என்ற வாக்கியம் கட்டாயம் இருக்கட்டும், நீங்கள் மறைக்காமல் கேட்டதற்கு அதுதான் சாட்சி. முன்பு வந்த இரண்டு குறிப்புகளின் எண்ணையும் தேதியையும் பார்வையில் காட்டி, விரைவு அஞ்சலில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றைக் கோப்பில் ஒட்டுங்கள். பிறகு பெங்களூரு அலுவலகமோ சென்னை அலுவலகமோ, உங்களைக் கவனிக்கும் இடம் எதுவென்று தெரிந்ததும், முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு பதிவேட்டோடு நேரில் போங்கள். விமானம் கட்டும் ஆசையைப் பற்றி நீளமாகப் பேச வேண்டாம். பதிவேட்டை மேசையில் வைத்து, ஸ்பார் இருக்கும் பக்கத்தைத் திறந்து காட்டினால் போதும்.

காத்திருக்கும் மாதங்களில் இடது இறக்கையின் சட்டத்தைச் செய்யுங்கள். அதையும் மூடாதீர்கள்.

கேள்வி: ஐயா, நாங்கள் அரசு அங்கீகாரம் பெற்ற பொறியியல் கல்லூரி மாணவர்கள். ஒருவர் அமரும் சிறு விமானத்தை வடிவமைக்கிறோம். முதலில் ஆள் இல்லாமல் ரிமோட்டில் பறக்கவிட்டுப் பார்த்தால் காகித வேலை குறையும் என்கிறார்களே?
– தர்மபுரி மாணவி

பதில்: காகிதம் குறையாது அம்மா, வேறு காகிதம் வரும். ஆளை இறக்கிவிட்டால் அது டிரோன் விதிகள், 2021க்குள் வந்துவிடும். அங்கே 150 கிலோவுக்கு மேற்பட்டது ‘பெரிய’ வகை; 500 கிலோவைத் தாண்டினால் மறுபடியும் விமான விதிகளுக்கே திரும்ப வேண்டும். ஆனால் அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் ஆய்வுக்காகப் பறக்கவிடும்போது, முன் அனுமதி தேவைப்படாத ‘பச்சை மண்டலத்தில்’, தங்கள் வளாகத்துக்குள் அல்லது தங்கள் பொறுப்பில் உள்ள திறந்தவெளியில் இருக்கும்வரை, வகைச் சான்று, அடையாள எண் முதலியவற்றிலிருந்து விலக்கு உண்டு. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், கல்லூரி முதல்வரின் கையெழுத்தோடு வளாக வரைபடத்தைக் கோப்பில் வையுங்கள். பிற்பாடு ஆள் ஏறும்போது இந்த விலக்கு எதற்கும் உதவாது. இந்தச் சோதனைகளின் அளவீடுகள் உதவும்.

கேள்வி: எங்கள் மாந்தோப்புக்கு நடுவே நேரான மண்சாலை இருக்கிறது. நண்பர் கட்டிய விமானத்தை ஒரே ஒரு முறை, பனைமர உயரத்துக்கு மட்டும் எழுப்பிப் பார்க்கலாமா?
– காவேரிப்பட்டணம் வாசகர்

பதில்: கூடாது. பனைமர உயரமும் பறத்தல்தான்; பதிவும் அனுமதியும் இல்லாமல் அது குற்றம். 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில், தானே கட்டிய ஹெலிகாப்டரைத் தரையில் வைத்து ஓட்டிப் பார்த்த 24 வயது இளைஞர், சுழலும் இறக்கை தாக்கி இறந்தார். அது எழும்பக்கூட இல்லை. உங்கள் மாவட்டத்திலேயே, ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் தனியார் விமான ஓடுதளம் இருக்கிறது. தனேஜா நிறுவனம் 1990களில் இத்தாலிய வடிவமைப்பில் ஆறு இருக்கை விமானங்களைக் கட்டிய இடம் அது. நண்பர் அனுமதி வாங்கிய பிறகு, அப்படிப்பட்ட ஓர் ஓடுதளத்தின் பொறுப்பாளரிடம் எழுத்தில் கேட்கட்டும். அதுவரை மண்சாலையில் டிராக்டர் போகட்டும்.